வரிசை பிசகாத ரகுபதி

வரிசைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்து, வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து, பெரிசிலிருந்து சிறிசு வரை சுவரோரமாக நிறுத்திவிட்டு, உள்ளே நுழைந்ததும் கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கி, நீங்கள் கிழிக்க மறந்த தேதிகளையும் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகே "சௌக்கியமா?" என்று கேட்பாரே, அவர்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பொரியலைக் கூட்டு இருக்கிற இடத்துக்கும், கூட்டைப் பொரியல் இருந்த இடத்துக்கும் மாற்றி வைத்துவிட்டுத்தான் சாதத்தில் கை வைப்பார். சாப்பிட வந்தாரா, மாற்றி வைக்க வந்தாரா? கேட்டுப் பாருங்கள். "ஒரு சிஸ்டம் வேணாமா சார்?" என்பார்.

அந்த ஒரு வாக்கியம் போதும், ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு சாமான் பத்து வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அகப்படுகிறது என்றால், அது இவர் கணக்கில் சிஸ்டம் இல்லை, வெறும் பழக்கம். அதே சாமான் எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் எழுத்து வரிசைப்படி இருக்கிறது என்றால், அதுதான் சிஸ்டம்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். தொண்ணூற்றோராம் வருஷம். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில், பிரேக் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸில் சீனியர் கிளார்க் ரகுபதி. நல்ல மனுஷர். வெற்றிலை கிடையாது, சிகரெட் கிடையாது, ஒருநாள் லேட் கிடையாது. வரிசை மட்டும் உண்டு.

வண்டலூரில் அவர் வீட்டு அடுக்களையைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். டின்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டி, அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தார். அரிசி 'அ'வில் வருகிறதா, ஆகவே அரிசி டின் எல்லாவற்றுக்கும் மேல் தட்டில். வெந்தயம் கடைசி எழுத்துகளில் வருகிறதா, ஆகவே அந்தச் சின்னஞ்சிறு டப்பா தரையோடு தரையாக.

"சோறு ஆக்கணும்னா ஸ்டூல் போட்டு ஏற வேண்டிகீது, வெந்தயம் எடுக்கணும்னா குப்புறப் படுக்க வேண்டிகீது. இன்னா வூடுங்க இது?" என்பாள் அவர் மனைவி ஜோதி.

"கொஞ்ச நாள்ல பழகிடும் ஜோதி. ஒரு சிஸ்டம் வேணாமா?"

ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கம்பெனியில் பர்சனல் ஆபீசர் துபாய்க்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலி காலி. அடுத்து அதில் உட்கார வேண்டியவர் சர்வீஸ்படி ரகுபதிதான். ஆபீசர் என்றால் சும்மாவா? கண்ணாடிக் கதவு போட்ட தனி கேபின், தலைக்கு மேல் தனி மின்விசிறி, மேஜையில் தட்டினால் 'டிங்' என்று சத்தம் போடுகிற பித்தளை மணி. அதைவிட முக்கியம், ஆபீசர்களை வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும் வேன். அந்த வேன் வரப்போகிற சங்கதியை ஜோதி தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். வேன் வந்து திரும்புவதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் மாட்டைக்கூட இடம் மாற்றிக் கட்ட வைத்திருந்தாள். ரகுபதியும் லேசுப்பட்டவர் இல்லை. சாப்பாட்டு வேளையில் யாரும் பார்க்காதபோது காலி கேபினுக்குள் நுழைந்து, அந்த மணியை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே வருவார். அந்த 'டிங்'குக்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

சந்தனம், குங்குமம், உச்சியில் ஒரு முழம் கதம்பம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று போர்டு. அதற்கென்று ஓர் ஏசி ரூம் வேறு. வெயில் நாளில் அந்த ரூமுக்குள் எட்டிப் பார்க்காத ஆளில்லை. எட்டிப் பார்த்தவர்களில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் ரகுபதி ஒருத்தர்தான். அதில் ஸ்ப்ரெட்ஷீட் என்று ஒன்று இருந்தது. திரை பூராவும் கட்டம். படுக்கை வாட்டில் வரிசை, நெட்டுக்குப் பத்தி, ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஒரு தலைப்பு. தலைப்பெல்லாம் இங்கிலீஷில். ஏனென்றால் அந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் எதையோ தேடப் போன ரகுபதிக்கு அதில் ஒரு வித்தை அகப்பட்டது. கட்டம் முழுவதையும் வளைத்துப் பிடித்து, தலைப்பு வரியைக் காட்டி, 'ஸார்ட்' என்று சொன்னால் போதும். தலைப்புகள் ஏ, பி, சி, டி வரிசையில் வந்து நிற்கும். தலைப்பு மட்டுமா? அதற்குக் கீழே இருக்கிற பத்தியும் அப்படியே கூடவே நகர்ந்து வந்துவிடும்!

ரகுபதி எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அன்றிலிருந்து கம்பெனியில் எந்தப் பத்தியும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. கேன்டீன் மெனுவில் கிழமைகளை ஸார்ட் செய்தார். வாரம் வெள்ளிக்கிழமையில் தொடங்கிப் புதன்கிழமையில் முடிந்தது. வேலைக்கு வந்தவர்கள் பட்டியலில் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் வந்தது. எல்லாத் தாளிலும் ஒர்க்ஸ் மேனேஜர் முனிரத்தினம் கையெழுத்துப் போட்டார். முனிரத்தினத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெரிய மனுஷர், பெரிய மனுஷருக்கு நேரம் ஏது? எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் பத்தியை மட்டும் படிப்பார், "ம்" என்பார், கையெழுத்துப் போடுவார். இரண்டாவது பத்தியை அவர் படித்துப் பார்த்தவர் கம்பெனியில் கிடையாது.

இப்படியாக ஒருநாள் ரகுபதியின் கை பஸ் ஷீட்டுக்கு வந்தது.

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ். ராத்திரி தாம்பரத்தில் நிற்கும். விடியற்காலையில் கிளம்பி, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ரோட்டோடு ரோட்டாக ஆளை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டைத் தாண்டும். ஷீட்டில் ஊருக்கு ஒரு பத்தி, பத்திக்குக் கீழே அந்த ஊரில் ஏறுகிறவர்களின் பெயர். டிரைவர் பரசுராமன் பத்தி பத்தியாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வருவார். அதற்கு முந்தின வாரம்தான் ரகுபதி அவருக்கு ஒரு மெமோ கொடுத்திருந்தார். டீ குடிக்க ஊரப்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்தினாராம். 'ஷீட்டில் உள்ள வரிசைப்படி, ஷீட்டில் உள்ள இடங்களில் மட்டுமே வண்டியை நிறுத்த வேண்டும். மீறினால் நடவடிக்கை' என்று மெமோ. பரசுராமன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எடுத்துக் காட்டுகிற நாள் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ரகுபதி ஸார்ட் செய்தார். முனிரத்தினம் முதல் பத்தியைப் படித்து, "கூடுவாஞ்சேரி. ம்," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடியற்காலை ரகுபதி வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு வண்டலூர் ஸ்டாப்பில் நிற்கிறார். தூரத்தில் மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கம் சோம்பல் முறித்துக் கத்துகிறது. தாம்பரம் பக்கமிருந்து கம்பெனி பஸ் வருகிறது. கை காட்டுகிறார். பஸ் காலியாக, ஒரு ஆள் இல்லாமல், அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"திமிரைப் பாத்தியா? இன்னொரு மெமோ குடுத்தாத்தான் அடங்குவான்" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அதே பஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இப்போது உள்ளே ஆள் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் ஏறுகிற மீனம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "சார்! இன்னா சார் நடக்குது? எங்கள எங்க இட்டுகினு போறாங்க?" என்று கத்துவது மட்டும் காதில் விழுந்தது. பஸ் பெருங்களத்தூர் பக்கம் போயே போய்விட்டது.

மூன்றாவது தடவை பஸ் திரும்பித் தெற்கே ஓடியபோது ரகுபதிக்குச் சந்தேகம் தட்டியது. பையிலிருந்து ஷீட்டின் நகலை எடுத்துப் பார்த்தார். ஜி, கூடுவாஞ்சேரி. எம், மறைமலை நகர். பி, பெருங்களத்தூர். எஸ், சிங்கப்பெருமாள் கோவில். டி, தாம்பரம். வி...

நீங்களோ நானோ அந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? ஆட்டோ பிடித்துப் பஸ்ஸைத் துரத்தியிருப்போம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்போம். ரகுபதிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பூரித்துப் போனார். "அடடா, ஒரு எழுத்து பிசகாம ஓட்றானே!" என்று பரசுராமனை முதல் தடவையாக வாயாரப் புகழ்ந்தார்.

டீக்கடைக்காரர் கேட்டார், "இன்னா சார், உங்க பஸ் மேலயும் கீழயும் போய்கினே கீது? எலக்ட்ரிக் ட்ரெய்ன் புட்ச்சி போய்டுங்களேன்."

"இருய்யா. இப்பத்தான் எஸ் நடக்குது. இன்னும் டி இருக்கு. அப்புறம்தான் என் முறை."

எஸ் முடிந்தது. பஸ்ஸுக்குள் நிலவரம் எப்படி என்று சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறியவர்களைக் கேட்க வேண்டும். கேட்டைத் தாண்டினால் கம்பெனி. ஆனால் பஸ் கேட்டைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டு, வந்த வழியே ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டில் தாம்பரத்தைப் பார்த்துத் திரும்பியது. "யோவ், கம்பெனி அந்தப் பக்கம்யா!" என்று எல்லோரும் கத்தினார்கள். பரசுராமன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"கம்பெனி எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருசமா ஓட்றேன். ஆனா ஷீட்ல எஸ்ஸுக்கு அப்புறம் தாம்பரம் கீது. மீறினா நடவடிக்கைன்னு எழுதிக் குட்த்துகிறாரு உங்க சார். வேலை போனா உங்க வூட்ல சோறு போடுவீங்களா?"

மீனம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "கம்பெனி லைன்ல நின்னுகினு கீறதுக்கு இது எவ்ளோ தேவலாம். நீ ஓட்டுண்ணே!" என்றாள். நாலாவது தடவையாக பஸ் வண்டலூரைத் தாண்டியபோது ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆட்டினார்கள். ரகுபதியும் பதிலுக்கு ஆட்டினார். ஐந்தாவது தடவை, பஸ் நின்றது. ரகுபதி கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார்.

பஸ் கம்பெனிக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அசெம்பிளி லைன் பூராவும் ஓர் ஈ காக்கை இல்லை. நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முனிரத்தினம்.

"என்னய்யா இது?"

"சிஸ்டம்படி ஓடிச்சு சார். ஒரு எடத்துலகூட வரிசை மாறல."

"எவன்யா இந்த ஷீட்டுக்குக் கையெழுத்துப் போட்டது?"

ரகுபதி பணிவாக ஷீட்டை நீட்டினார். முனிரத்தினம் தன் கையெழுத்தைப் பார்த்தார். அதன் பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் புதுசு இல்லையா," என்றார். "போகப் போகச் சரியாயிடும். பஸ் ஷீட்டை மட்டும் இனிமே தொடாத." அவ்வளவுதான். பழைய ஷீட் திரும்பி வந்தது, மெமோ வாபஸ் ஆனது, ரகுபதி தப்பித்தார். கேபினும் தப்பித்தது. ஜோதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒரு மாதம் கழித்து முனிரத்தினம் கூப்பிட்டு அனுப்பினார். "ஆபீசர் போஸ்டை இன்னிக்கு முடிச்சுடலாம். மூணு பேர் இருக்கீங்க. ஒரே தாள்ல பத்தி பத்தியாப் போட்டுக் கொண்டா. நீயே போடு, உனக்குத்தானே அந்த மிஷின் தெரியும்."

மூன்று பேர் யார்? ரகுபதி. அடுத்து, அதே டைம் ஆபீஸில் அவருக்கு எதிர் மேஜை சரோஜா. மூன்றாவது, ஸ்டோர்ஸ் கிளார்க் கோபால். கோபாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்போது கம்பெனியில் முதல் ஆளாக எழுந்திருப்பவர் அவர்.

ரகுபதி சர்வீஸ்படி தலைப்புகளை அடித்தார். ரகுபதி, சரோஜா, கோபால். கீழே படிப்பு, அனுபவம், லீவு எல்லாம். பிரின்டர் கரகரவென்று அழுது தாளைத் துப்பியது. சரோஜா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சூப்பர் சார். மொதப் பத்தியே நீங்கதான். அவரு அதுக்கு மேல படிக்க மாட்டாரு. எனக்கு அந்தப் போஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், அஞ்சரை ட்ரெய்ன வுடாம இருந்தா போதும். போய்க் கையெழுத்து வாங்கிகினு வாங்க, ஸ்வீட் வாங்கித் தாங்க."

ரகுபதி தாளோடு நடந்தார். வராந்தாவில் பாதி தூரம் போனார். தாளைப் பார்த்தார். ஆர், எஸ், ஜி. ஆருக்கு அப்புறம் எஸ், சரி. எஸ்ஸுக்கு அப்புறம் ஜியா? கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இன்னும் நாலடி போனார். பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட கொப்பரைத் துணுக்கு மாதிரி அந்த ஜி அங்கேயே உறுத்திக்கொண்டு நின்றது. மேனேஜர் அறைக் கதவில் கை வைத்தார். கையை எடுத்தார். திரும்பி வந்துவிட்டார்.

"இன்னா சார், ஆள் இல்லையா உள்ள?"

"இருக்காரு. ஒரு சின்னக் கரெக்ஷன்."

சரோஜாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து கம்ப்யூட்டரை மறித்துக்கொண்டு நின்றாள். "வேணாம் சார்! சொன்னா கேளுங்க. ஸார்ட் பண்ணா ஜி மொதல்ல வரும். கோபாலு சார் ஆபீசர் ஆய்டுவாரு. வூட்ல அக்கா வேனுக்காகக் காத்துகினு கீறாங்க. இந்த ஒரு தாளு, ஒரே ஒரு தாளு, அப்பிடியே வுட்டுடுங்க சார்!"

ரகுபதிக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். கண்ணாடிக் கதவு தெரியும், மணி தெரியும், ஜோதி இடம் மாற்ற வைத்த எதிர்வீட்டு மாடு தெரியும். அவர் முகம் வியர்த்துவிட்டது, அந்த ஏசியில். "தெரியும்மா," என்றார், பரிதாபமாக. "ஆனா நீயே பாரேன். எஸ்ஸுக்கு அப்புறம் ஜி நிக்குது. ஒரு சிஸ்டம் வேணாமா?"

தட்டிவிட்டார்.

முனிரத்தினம் புதுத் தாளை வாங்கினார். முதல் பத்தியைப் படித்தார். "கோபாலா? பரவால்ல. நல்ல பையன், வேளா வேளைக்குச் சாப்பிடறவன். ம்." கையெழுத்து விழுந்தது. ரகுபதி நகராமல் நின்றார். "என்ன, வேற ஏதாவது சொல்லணுமா?" இரண்டாவது பத்தி, சார். இரண்டாவது பத்தியையும் ஒரு தடவை படிங்க சார். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார். "வரிசை சரியா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் ஜோதியிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கொடுமை. "யார்ங்க குழி பறிச்சது? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "யாரும் இல்ல ஜோதி. நானேதான்," என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதார், குழந்தை மாதிரி. ஜோதி ஸ்டூலைப் போட்டு ஏறி, அரிசி டின்னை இறக்கி, கைக்கு எட்டுகிற இடத்தில், உளுந்துக்குப் பக்கத்தில், 'நங்'கென்று வைத்தாள். 'உ'வுக்கு அப்புறம் 'அ'! ரகுபதி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், பார்த்துக்கொண்டே படுத்தார். மறுநாள் காலையில் ஜோதி எழுந்து வந்தபோது டின் மேல் தட்டில் இருந்தது.

இப்போது கேபினில் கோபால். காலையில் வந்து உட்கார்ந்ததும் மணியைத் தட்டுவார். 'டிங்.' தண்ணி கொண்டு வரவும் ஃபைல் எடுத்துக் கொடுக்கவும் ரகுபதி எழுந்து போவார். போன வேலையை முடித்துவிட்டு உடனே திரும்ப மாட்டார். கோபாலின் மேஜையில் பேனா ஒரு மூலை, குண்டூசி டப்பா ஒரு மூலை, ரப்பர் ஸ்டாம்பு ஒரு மூலை என்று கிடக்கும். அவற்றையெல்லாம் எழுத்து வரிசைப்படி எடுத்து வைத்து, கடைசியில் மணியையும் அதன் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் வருவார். கோபால் அதைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் தட்டுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

பாவம், இப்படியும் ஒரு மனுஷனா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. அந்த பஸ் போன வழியைச் சொன்னேனே, ஜி, எம், பி, எஸ், டி, வி என்று? அதைப் படித்தபோது நடுவில் எதையாவது விட்டுவிட்டேனா, வரிசை சரிதானா என்று உதட்டுக்குள் ஏ, பி, சி, டி சொல்லிச் சரிபார்த்தீர்களா இல்லையா? சரிபார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததா?

அப்படியானால், எழுந்து போய் உங்கள் வீட்டு அரிசி டின் எங்கே இருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்டூலை நான் பிடித்துக்கொள்கிறேன்.